1923 ஜெர்மன் ஓவர்பிரிண்ட் ஸ்டாம்புகள்: ஒட்டிப்போன கட்டியை எப்படிப் பிரிப்பது, எதை எடுத்து வைப்பது?

பழையவண்ணை21:

ஒரு பழைய பிஸ்கட் டின், உள்ளே சுமார் 340 ஸ்டாம்பு. பத்தைத் தவிர எல்லாமே ஜெர்மனி, 1923. பாதிக்கு மேல் பழைய விலையின் மீது, பெரும்பாலும் கறுப்பு மையில், ‘டௌசண்ட்’, ‘மில்லியோனென்’, ‘மில்லியார்டென்’ என்று புது விலை அடித்திருக்கிறது (இதுதான் ஓவர்பிரிண்ட்). மீதி, வட்டப் பூக்கோலம் மாதிரி டிசைன், நடுவில் எண்.

பிரித்த கணக்கு: தபால் முத்திரை விழாதவை 260. அதில் 40 போல ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருக்கின்றன. முத்திரை விழுந்தவை 64, அவற்றில் பாதி இன்னும் கவர்த் துண்டோடு. முழுக் கவர் 6. இது போக ஹங்கேரி 8, சீனா 2.

கேட்க வேண்டியவை நாலு. கட்டியைக் கோந்து போகாமல் பிரிக்க முடியுமா? வாட்டர்மார்க் (பேப்பருக்குள்ளேயே இருக்கும் மங்கிய வடிவம்) பார்க்க வீட்டில் என்ன செய்வது? ஒன்றில் ஓவர்பிரிண்ட் தலைகீழாக இருக்கிறது, அது நிஜமா, யாராவது அடித்ததா? கடைசியாக, வீடு பழைய வண்ணாரப்பேட்டை. கடற்காற்று வந்தபடியே இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் சுவரே வேர்க்கும். இதில் எப்படிப் பாதுகாப்பது?

50 மில்லியார்டென் போட்டது மூணு இருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் விலையும் அதிகம்தானே?

பெரம்பூர்11:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது. இல்லை சார், எண்ணுக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை. முத்திரை விழாத 50 மில்லியார்டென் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 1923 காலத்து ஜெர்மன் ஸ்டாம்பில் வழக்கமான கணக்கு தலைகீழ். பல எண்களில் முத்திரை விழாதது மலிவு, அந்தந்த நாளில் உண்மையாகத் தபாலில் போய் முத்திரை வாங்கினது பல மடங்கு விலை. காரணம் எளிது, அன்றைய ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. சில ஸ்டாம்புகளுக்கு உபயோகமான ஆயுளே ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் கட்டணம் ஏறிவிடும், அந்த விலையில் எதற்கும் உதவாது. 1923 டிசம்பர் 31க்குப் பிறகு இந்த மார்க் ஸ்டாம்புகள் எதுவும் செல்லாது. செலவாகாத ஷீட் ஷீட்டாக மிச்சமானது சேகரிப்பவர்கள் கைக்கு வந்தது. அதனால் உங்கள் 260ஐ நிதானமாகப் பார்க்கலாம். 64ம் 6 கவரும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. அந்தக் கவர்களை யாரும் தண்ணீரில் போடச் சொன்னாலும் போடாதீர்கள்.

எண்ணைத் தமிழ்க் கணக்கில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. 100 டௌசண்ட் ஒரு லட்சம். மில்லியோன் பத்து லட்சம். 10 மில்லியோனென் ஒரு கோடி. மில்லியார்டெ நூறு கோடி. 50 மில்லியார்டென் என்றால் ஐயாயிரம் கோடி. ஜெர்மன் ‘பில்லியோன்’ நம் பேப்பரில் வரும் பில்லியன் இல்லை, அது லட்சம் கோடி. 1923 நவம்பரில் வந்த புது நாணயமான ரென்டென்மார்க் ஒன்றுக்கு ஈடு அந்த லட்சம் கோடி காகித மார்க். இதைக் குழப்பித்தான் விற்பவர்களில் பாதிப் பேர் விவரமே தப்பாக எழுதுகிறார்கள்.

உள்நாட்டுச் சாதாரணக் கடிதம், 20 கிராம் வரை, வெளியூருக்கு. இதை அச்செடுத்து டின் மூடியில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

ஜூலை 1: 300 மார்க்
ஆகஸ்ட் 1: 1000
ஆகஸ்ட் 24: 20 ஆயிரம்
செப்டம்பர் 1: 75 ஆயிரம்
செப்டம்பர் 20: இரண்டரை லட்சம்
அக்டோபர் 1: 20 லட்சம்
அக்டோபர் 10: 50 லட்சம்
அக்டோபர் 20: 1 கோடி
நவம்பர் 1: 10 கோடி
நவம்பர் 5: 100 கோடி
நவம்பர் 12: 1000 கோடி
நவம்பர் 20: 2000 கோடி
நவம்பர் 26: 8000 கோடி
டிசம்பர் 1: 10,000 கோடி, அதாவது புதுக் காசில் 10 ரென்டென்பெனிக்

உள்ளூர்க் கடிதத்துக்கும் அஞ்சலட்டைக்கும் இதைவிடக் குறைவு. பதிவுத் தபால், எக்ஸ்பிரஸ் தனி.

ஓவர்பிரிண்ட் ஏன் வந்தது என்பதும் இதிலேயே தெரியும். ஆகஸ்ட் 24 அன்று ஒரு கடிதத்துக்கு 20 ஆயிரம். கையிருப்பில் இருந்ததில் ஒன்று 200 மார்க் ஸ்டாம்பு. ஒரு ஷீட்டில் நூறு, ஆக ஒரு கடிதத்துக்கு ஒரு முழு ஷீட் ஒட்ட வேண்டும்! அதே ஸ்டாம்பின் மேல் ‘20 டௌசண்ட்’ என்று அடித்ததும் ஒன்று போதும் என்றாயிற்று. புது டிசைன் வரைந்து பிளேட் செய்து முடிப்பதற்குள் அந்த விலையும் செத்துவிடும். இருக்கும் ஸ்டாக் மேல் அடிப்பதுதான் வேகம்.

பல்துளை:

ஒட்டிய கட்டிக்கு வருகிறேன். இரண்டு வழி. எது என்பது அந்த 40ல் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கோந்து வேண்டுமென்றால் ஈர டப்பா. காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, சுமார் 2 லிட்டர். அடியில் ஸ்பாஞ்ச் துண்டு, ஈரமாக, ஆனால் பிழிந்தால் சொட்டக் கூடாது. அதற்கு மேல் 3 சென்டிமீட்டர் உயரத்தில் பிளாஸ்டிக் வலை (காய்கறி வடிகட்டும் தட்டு போதும்), அதன் மேல் கட்டி. மூடியின் உட்புறம் ப்ளாட்டிங் பேப்பர் (மை ஒற்றும் தாள்) ஒரு துண்டு ஒட்டிவையுங்கள். இல்லாவிட்டால் மூடியில் திரளும் நீர்த்துளி நேராக ஸ்டாம்பின் மேல் விழும். இந்த ஊர்ச் சூட்டில் 3 மணி நேரத்தில் ஓரம் தளர ஆரம்பிக்கும். அதன் பின் அரை மணிக்கு ஒரு முறை பார்க்கவும். தானாக வழுக்கி வருவதை மட்டும் எடுக்க வேண்டும். ட்வீசரின் தட்டை முனையை நடுவில் விட்டு இழுத்தால் மேல் ஸ்டாம்பின் பின்பக்கத் தோல் கீழ் ஸ்டாம்பின் முகத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அதோடு இரண்டும் போச்சு. 24 மணி நேரத்துக்கு மேல் விட்டால் பூஞ்சைதான்.

எடுத்ததும் கோந்துப் பக்கம் மேலே பார்க்க, அலுமினியம் ஃபாயில் மேலோ மெழுகுத் தாள் மேலோ ஆற விடுங்கள். வெறும் பேப்பர் மேல் வைத்தால் மறுபடி ஒட்டும்.

ஆனால் ஒன்று. மேலே பெரம்பூர் சார் சொன்ன கணக்குப்படி அந்த 40ல் 38 சில்லறை விலைதான். ஈரத்தில் கிடந்த கோந்து எப்படியும் கறையும் பளபளப்புக் குலைவுமாகத்தான் வரும். அதற்காக ஒரு நாள் முழுக்க டப்பாவைக் காவல் காப்பது வேண்டாத வேலை. நேராகத் தண்ணீரில் போட்டு, கோந்தில்லாத நல்ல ஸ்டாம்பாக எடுத்துக்கொள்வதே என் யோசனை.

தண்ணீர் விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பாதி ஏரியாவில் உப்பு, மீதியில் இரும்பு. காய்ந்ததும் வெள்ளைப் பூப்பூக்கும், அல்லது பழுப்பு ஓரம் கட்டும். 20 லிட்டர் கேன் தண்ணீர் போதும். அகலமான பீங்கான் தட்டில் 3 சென்டிமீட்டர் ஆழம், தொட்டால் சூடு தெரியாத வெதுவெதுப்பு. ஒரு தடவைக்கு 15 ஸ்டாம்பு, முகம் மேலே, 15 முதல் 20 நிமிடம். தானாகப் பிரிந்து மிதக்கும். பிறகு புதுத் தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள், கோந்து மிச்சம் இருந்தால் காயும்போது மறுபடி ப்ளாட்டிங்கில் ஒட்டும்.

போடுவதற்கு முன் இரண்டு வகையைத் தனியே எடுத்துவிடுங்கள். சிவப்பு, நீலக் கவர்த் துண்டோடு இருப்பது (கவர்ச் சாயம் இறங்கி ஸ்டாம்பு முழுக்க இளஞ்சிவப்பாகும்), ஊதா ரப்பர் முத்திரை விழுந்தது (அந்த மை ஓடும்). துண்டில் முத்திரை முழுசாக, ஊரும் தேதியும் படிக்கிற மாதிரி இருந்தால் துண்டோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், ஊற வைக்கவே வேண்டாம்.

காய வைக்க ப்ளாட்டிங் பேப்பர், முகம் கீழே. ஆண்டர்சன் தெருவில் தடிமனானதே கிடைக்கும். தினத்தாளில் காய வைத்தால் அச்சு மை ஏறும். முக்கால் பங்கு காய்ந்ததும் இரண்டு ப்ளாட்டிங்குக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம், ஓரிரவு. வெயில் வேண்டாம், சுருளும்.

வியாசை39:

வாட்டர்மார்க் மேட்டர் நான் சொல்றேன் அண்ணா.

உங்க லாட்ல ரெண்டே வகைதான் வரும். ஒண்ணு வைர வடிவம், கட்டம் கட்டமா சாய்ஞ்சு இருக்கும், பழைய பேப்பர். இன்னொண்ணு வலைப்பின்னல், வளைஞ்ச கோடு பின்னிக்கிட்டுப் போகும், ஜெர்மன்காரங்க வாஃபெல்ன்னு சொல்றது. 1923 சரக்குல பெரும்பாலும் வலைதான். அதனால முதல்ல ஸ்டாம்பை முகம் கீழே வெச்சு ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. நூத்துக்கு எண்பது அப்படியே தெரிஞ்சிடும். தெரியாததுக்கு மட்டும் திரவம்.

திரவம்னா சிகரெட் லைட்டர்ல ஊத்துற ஃப்ளூயிட். கேஸ் லைட்டர் இல்ல, திரியும் பஞ்சும் இருக்கிற பழைய மாடலுக்கு விக்கிறாங்களே அது. கறுப்புத் தட்டு, ஸ்டாம்பு முகம் கீழே, நாலு சொட்டு. அஞ்சு செகண்ட்ல பேப்பர் மெலிஞ்ச இடம் கறுப்பாத் தெரியும். அதுதான் வாட்டர்மார்க். அதே நேரம் கிழிசலை ஒட்டினது, பின்னாடி தோல் உரிஞ்சது, மடிப்பு எல்லாமே கறுப்புக் கோடா காட்டிக் கொடுத்துடும். வாங்குறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய டெஸ்ட்டே இதுதான். கோந்துக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு நிமிஷத்துல ஆவியாயிடும்.

மண்ணெண்ணெய் போடாதீங்க, எண்ணெய்க் கறை போகாது. பெட்ரோல்ல சாயம் கலந்திருக்கு. தின்னர் மையையே கரைக்கும். ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல அடுப்பு, ஊதுவத்தி, சாமி விளக்கு எதுவும் கூடாது.

பூக்கோல டிசைன்ல இன்னொரு விஷயம் பாருங்க. ஓரத்துல வட்டத் துளை இருந்தா சாதா பெர்ஃபரேஷன், அளவு 14. துளையே இல்லாம ரம்பப் பல் மாதிரி வெட்டு மட்டும் இருந்தா ரூலெட், அளவு பதிமூணரை. பேப்பரைக் குத்தி எடுக்கல, கீறி விட்டிருக்கு, அவ்வளவுதான். நிறைய பேர் இதைக் கத்தரிக்கோல்ல மோசமா வெட்டினதுன்னு நெனச்சுக் குப்பையில போட்டுடுறாங்க. கேட்டலாக்ல (ஸ்டாம்பு விலைப் பட்டியல் புக்) அதுக்குத் தனி எண், சிலது நல்ல விலை.

ஷீட் ஓர வெள்ளை மார்ஜின் ஒட்டியிருந்தா கிழிச்சுடாதீங்க! பிளேட் அச்சா உருளை அச்சான்னு மார்ஜினைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தனி ஸ்டாம்புல அந்த வித்தியாசம் தெரியாது.

பழையவண்ணை21:

நன்றி. 64ஐயும் தேதி வாரியாக அடுக்கினேன். மூன்று இடத்தில் சந்தேகம்.

முதலாவது, ஒரு கவர். முத்திரை 27.11.23. ஒட்டியிருப்பது ஒரே ஒரு 20 மில்லியார்டென், அதாவது 2000 கோடி. மேலே உள்ள பட்டியல்படி அன்றைக்கு 8000 கோடி. கால் பங்குதான் இருக்கிறது. அபராத முத்திரை எதுவும் இல்லை. போலியா?

இரண்டாவது, 11 ஸ்டாம்பில் ஒரே ஊர், ஒரே தேதி. எல்லாவற்றிலும் முத்திரை சொல்லி வைத்த மாதிரி வலது கீழ் மூலையில் கால் வட்டம். பின்னால் கோந்து முழுசாக இருக்கிறது.

மூன்றாவது, ஒரு கவரில் ஸ்டாம்பே இல்லை. ஸ்டாம்பு இருக்க வேண்டிய மூலையில் கையால் ஏதோ தொகையும், ‘கெபூர் பெட்சால்ட்’ என்று ஒரு ரப்பர் முத்திரையும். விழுந்துவிட்டதா?

பெரம்பூர்11:

முதலாவது போலி இல்லை, சரியான கவர். நவம்பர் 26 முதல் 30 வரை ஐந்தே நாள், ஸ்டாம்புகளுக்கு முகமதிப்பைப் போல நாலு மடங்கு மதிப்பு. அந்த நாட்களில் கவுண்டரில் விற்றதும் நாலு மடங்கு விலைக்குத்தான். ஆக 2000 கோடி ஸ்டாம்பு 8000 கோடிக்குச் சமம், கணக்கு நேராகிறது. இது தெரியாமல் கட்டணம் குறைகிறது என்று ஒதுக்கிய கவர்கள் எத்தனையோ. இதே ஸ்டாம்பு, இதே ஒன்று, நவம்பர் 20 முதல் 25க்குள் இருந்தாலும் சரி, அன்றைக்கு ஒரு மடங்கு. டிசம்பர் 1ல் இருந்தால்தான் தவறு. அன்றைக்கு நாலு மடங்குச் சலுகை முடிந்தது, 50 மில்லியார்டென் இரண்டு வேண்டும். உங்கள் 6 கவரில் இதுதான் உருப்படி.

இரண்டாவது, நீங்கள் எழுதிய விவரத்திலேயே பதில் இருக்கிறது. தபாலில் போன ஸ்டாம்புக்குக் கோந்து ஏது? ஒட்டி, ஊறி, பிரித்தபின் பின்பக்கம் வெறும் பேப்பர்தான். 11 ஸ்டாம்பு, ஒரே முத்திரை, அளந்து வைத்த மூலை: சேகரிப்பவர்களுக்காக அடித்துக் கொடுத்தது, இல்லாவிட்டால் பிறகு தேதியைப் பின்னுக்குத் திருப்பி அடித்தது. முத்திரை விழுந்ததற்கு விலை அதிகம் என்று தெரிந்த நாளிலிருந்து இந்த வேலை நடக்கிறது. நிஜ முத்திரைக் கட்டையிலேயே கூட அடித்திருப்பார்கள். அதனால் முத்திரையின் வடிவம் சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

தேதியை வைத்து நீங்களே களையெடுக்க முடியும். மில்லியார்டென் ஓவர்பிரிண்டில் செப்டம்பர் தேதி இருந்தால் போலி. டௌசண்ட் ஓவர்பிரிண்டில் ஜூலை இருந்தால் போலி. எதிலுமே 1924 தேதி இருந்தால் அன்றைக்கு அது செல்லாத ஸ்டாம்பு. இன்னும் நுணுக்கம் வேண்டுமானால் மதிப்பைப் பாருங்கள். நவம்பர் 15 முத்திரையில் 75 ஆயிரம் ஸ்டாம்பு ஒன்று தனியாக இருந்தால், அன்றைய கடிதத்துக்கு 1000 கோடி. அந்த ஸ்டாம்பை யார், எதற்கு ஒட்டியிருப்பார்கள்? தேதி நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் இருக்கும். பக்கத்தில் மணி, அதற்குப் பின் வி எழுத்து முற்பகல், என் எழுத்து பிற்பகல்.

இந்தத் தொல்லைக்காகவே ‘இன்ஃப்ளா பெர்லின்’ என்ற சங்கத்தின் பரிசோதகர்கள் பின்பக்கம் சின்ன முத்திரை குத்துவது வழக்கம். உங்கள் 64ன் பின்பக்கத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், மிகச் சின்னதாக, ஓரத்தில் இருக்கும். அது இருந்தால் தனியே எடுத்து வைக்கவும். இல்லாததைப் பரிசோதனைக்கு ஜெர்மனிக்கு அனுப்புவதென்றால் கட்டணமும் தபால் செலவும் ஸ்டாம்பின் விலையைத் தாண்டும். கேட்டலாக் விலை உண்மையிலேயே பெரிதாக உள்ள ஒன்றிரண்டுக்கு மட்டுமே கட்டுபடியாகும்.

மூன்றாவது, எதுவும் விழவில்லை. ‘கட்டணம் செலுத்தப்பட்டது’ என்று அர்த்தம். ஸ்டாம்பு வந்து சேருவதற்குள் கட்டணம் ஏறிவிடும், கவுண்டரில் பணத்தை வாங்கிக்கொண்டு முத்திரை மட்டும் அடித்து அனுப்புவார்கள். தொகையும் தேதியும் பட்டியலோடு ஒத்துப்போனால் அது நல்ல கவர். ஸ்டாம்பு இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பல்துளை:

தலைகீழ் ஓவர்பிரிண்டுக்கு வாரேன்.

சவுகார்பேட்டையில் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். ஓவர்பிரிண்டில் ஏதாவது ஒரு எழுத்தின் செங்குத்துக் கோட்டைப் பாருங்கள், மேலிருந்து கீழ் வரை மெதுவாக. எழுத்து அச்சில் அழுத்தி அடித்தது என்றால் மை நடுவிலிருந்து ஓரத்துக்கு நசுங்கியிருக்கும். கோட்டின் இரு கரையிலும் மெல்லிய, அடர்ந்த வரம்பு, உள்ளே சற்று வெளிறல். ஸ்டாம்பைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தால் அதே எழுத்து பின்பக்கம் லேசாகப் புடைத்துத் தெரியலாம், விரல் நுனிக்குக்கூடத் தட்டும். ஊற வைத்து அழுத்தி எடுத்ததில் புடைப்பு போயிருக்கும், கரை வரம்பு போகாது.

வீட்டுப் பிரின்டரில் அடித்தது அப்படி இருக்காது. இங்க்ஜெட் என்றால் மை பேப்பர் நார் வழியே ஓடி, ஓரம் மீசை மீசையாக இருக்கும். லேசர் என்றால் எழுத்து பேப்பர் மேல் பளபளவென்று உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் கறுப்புத் தூசி தெளித்த மாதிரி புள்ளிகள். இரண்டிலுமே கரை வரம்பு கிடையாது. ரப்பர் ஸ்டாம்பில் அடித்தால் வரம்பு வரலாம். ஆனால் எழுத்தின் மூலைகள் உருண்டு போயிருக்கும், புடைப்பும் இருக்காது.

அடுத்தது, முத்திரையும் ஓவர்பிரிண்டும் குறுக்கே வெட்டும் இடம். முத்திரை மை மேலே இருக்க வேண்டும். ஓவர்பிரிண்ட் மேலே ஏறி நின்றால், பழைய பயன்படுத்திய ஸ்டாம்பை எடுத்து மேலே அடித்திருக்கிறார்கள். கறுப்பின் மேல் கறுப்பு என்பதால் லைட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

பர்மா பஜாரில் ரூபாய் நோட்டு பார்க்கும் யூவி டார்ச் விற்பார்கள். இருட்டில் அடித்துப் பாருங்கள். 1923 பேப்பர் மந்தமாக, மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோ கிடக்கும். வெள்ளை வேட்டி மாதிரி நீலமாக ஜொலித்தால் பேப்பரில் ஒளியேற்றும் வேதிப்பொருள் இருக்கிறது என்று அர்த்தம், அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பேப்பர். ஒரு எச்சரிக்கை: பழைய ஸ்டாம்பை டிடர்ஜென்ட் கலந்த நீரில் ஊற வைத்திருந்தாலும் ஜொலிக்கும்.

இவ்வளவும் தேறிவிட்டாலும் உடனே சந்தோஷப்படாதீர்கள். அச்சகத்துக் கழிவு ஷீட்டுகளிலும் தலைகீழ், இரட்டை அடி எல்லாம் வரும். அவற்றின் மை நிஜம், பேப்பர் நிஜம், ஆனால் தபால் கவுண்டரில் விற்றது இல்லை. கேட்டலாக்கில் அந்த எண்ணுக்குத் தலைகீழ் என்று தனியே போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

வியாசை39:

ஒரு சின்ன மாற்றுக் கருத்து. ஒட்டின கட்டியை நேரா தண்ணியில போடச் சொன்னாரே பல்துளை அண்ணன். அதுக்கு முன்னாடி கட்டியோட ஓரத்தைப் பாருங்க. ரூலெட் ஓரம் ஒண்ணு தெரிஞ்சாலும், இல்ல ஷீட் மார்ஜின் நீட்டிக்கிட்டு இருந்தாலும் ஈர டப்பாதான். நேரம் போனாப் போகுது.

ஃப்ரீசர்ல வெச்சா தானா பிரியும்னு ஒரு வைத்தியம் சுத்துது. சில நேரம் நடக்கும், ஆனா நம்ம ஊர்ல வெளிய எடுத்த அரை நிமிஷத்துல மேல வேர்த்து மறுபடி ஒட்டும்.

பல்துளை:

ரூலெட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். மார்ஜினும் சரி.

சீனச்சுவர்:

ஹங்கேரி 8ம் சீனா 2ம் அப்படியே விட்டுவிட்டீர்களே.

ஹங்கேரியது 1945, 46. ஜெர்மனியைவிட மோசம். 1946 ஆகஸ்ட் 1 அன்று ஃபோரின்ட் என்ற புது நாணயம் வந்தபோது ஒரு ஃபோரின்டுக்கு 4க்குப் பின் 29 சைபர் போட்ட அளவு பழைய பெங்கோ. 1945ல் பழைய ஸ்டாம்பின் மேல் வெளிர் நீலம், மஞ்சளில் மெல்லிய கோட்டுப் பின்னல் அடித்து, அதற்கு மேல் புது விலை. 1946ல் சிலவற்றில் விலை அடிப்பதையே விட்டுவிட்டார்கள். உள்ளூர்க் கடிதத்துக்கு, வெளியூர்க் கடிதத்துக்கு, பார்சலுக்கு என்று சேவையின் பெயரைச் சுருக்கி அடித்தார்கள். அன்றன்றைய விலை என்னவோ அதற்கு அந்த ஸ்டாம்பு. உங்கள் எட்டில் விலை இல்லாமல் ‘எச்.எல்.’, ‘டி.எல்.’ போன்ற சுருக்கம் இருப்பவை இந்த வகை. விலை பாதி அழிந்துபோனது என்று நினைக்க வேண்டாம்.

பின்னல் உள்ளவற்றை ஊற வைப்பதற்கு முன் ஒரே ஒரு மலிவானதைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் போடவும்.

சீனாவது சீனத் தலைவர் சுன் யாட்-சென் தலை போட்டதா? மேலே சீன எழுத்தில் விலை அடித்திருந்தால் 1948 ஆகஸ்டில் வந்த தங்க யுவானாக இருக்கலாம். பழைய நாணயமான ஃபாபி 30 லட்சத்துக்கு ஒரு தங்க யுவான் என்று மாற்றினார்கள், அதுவும் ஒரு வருடம் தாங்கவில்லை. 1949ல் சீனாவும் ஹங்கேரி வழிக்கே வந்து, விலை போடாமல் ‘உள்நாட்டுக் கடிதம்’ போன்று சேவையின் பெயரை மட்டும் போட்ட ஸ்டாம்புகளை வெளியிட்டது. அதில் பல அச்சகங்கள், பல பெர்ஃபரேஷன், தனிக் கடல். படம் பார்க்காமல் சொல்ல முடியாது.

காசிமேட்டுக்காற்று:

பாதுகாப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. கடல் பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் தலையாய வேலை.

எதிரி மூன்று: பூஞ்சை, துருக்கறை, ராமபாணப் பூச்சி. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் பக்கம் நின்றால் மூன்றும் அடங்கும். மழைக்காலத்தில் நம் பக்கம் 80ஐத் தாண்டும். அதனால் அறையை மாற்ற முயலாமல் டப்பாவை மாற்றுங்கள். ரப்பர் வளையம் வைத்த, கிளிப் போட்ட 10 லிட்டர் டப்பா, உள்ளே ஸ்டாம்பு செருகும் ஸ்டாக் புக் நிமிர்த்தி வைத்து, 50 கிராம் சிலிக்கா ஜெல் துணிப்பையில், கூடவே முன்னூறு நானூறு ரூபாய்க்கு வரும் சின்ன ஈரப்பத மானி. 40க்குக் கீழே போக விடாதீர்கள், கோந்து வெடிக்கும். போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடவும்.

நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது. ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். பழைய தோசைக்கல்லில் சிறு தீயிலும் செய்யலாம், ஆனால் அந்தக் கல் அதன் பின் தோசைக்கு ஆகாது. நீல நிறத்துக்குக் காரணமான கோபால்ட் நஞ்சு. ஆரஞ்சு ஜெல் வாங்கினால் இந்தக் கவலை குறைவு.

நாப்தலின் உருண்டை, கற்பூரம், வேப்பிலை எதையும் உள்ளே போடாதீர்கள். நாப்தலின் பிளாஸ்டிக்கை இளக்கும், வேப்பிலை ஈரத்தையும் பூச்சியையும் கூடவே கொண்டு வரும். புது ஷவர் கர்ட்டன் மாதிரி நாறுகிற பிளாஸ்டிக் ஷீட்டும் வேண்டாம், அது பி.வி.சி. நாலைந்து வருடத்தில் ஓவர்பிரிண்ட் மை ஷீட்டில் ஏறிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்கவும். இல்லையென்றால் கிளாசின் பேப்பர் உறையே மேல்.

கவர்களில் பழைய குண்டூசி, ஸ்டேப்ளர், ரப்பர் பேண்ட் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிஸ்கட் டின்னையும் மாற்றுங்கள். அதன் மூடி விளிம்பில்தான் துரு ஆரம்பிக்கும்.

டப்பாவை வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்க வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் சுவருக்கும் பீரோவுக்கும் நாலு விரல் இடைவெளி. கீழ்த்தட்டு கூடவே கூடாது, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வருகிற டிசம்பர் எது என்று யாருக்குத் தெரியும்.

பழையவண்ணை21:

கட்டியின் ஓரத்தில் இரண்டு இடத்தில் ரம்பப் பல் தெரிகிறது. அதனால் ஈர டப்பா. நாலு மணி நேரத்தில் 40ல் 31 பிரிந்தன, அதில் ஆறு ரூலெட். மீதி 9 இன்னும் உள்ளே.

தலைகீழ் ஓவர்பிரிண்டை லென்ஸில் பார்த்தேன். எழுத்தைச் சுற்றி கறுப்புத் தூசிப் புள்ளிகள், கரை வரம்பு இல்லை, பின்னால் புடைப்பும் இல்லை. 64ல் மூன்றின் பின்பக்கம் சின்ன முத்திரை இருக்கிறது, ‘இன்ஃப்ளா’ என்பது மட்டும் படிக்க முடிகிறது. ஒன்று அந்த 11ல் சேர்ந்தது இல்லை.

பெரம்பூர்11:

மற்ற இரண்டும் அந்த 11ல் சேர்ந்தவையா? அப்படியானால் அந்த இரண்டின் பின்பக்க முத்திரையையும் அதே லென்ஸில், தலைகீழ் ஓவர்பிரிண்டைப் பார்த்த மாதிரியே பாருங்கள். பரிசோதகர் முத்திரையையும் போலியாக அடிப்பார்கள். அந்த 9ஐ இப்போதைக்கு மறந்துவிடாதீர்கள், 24 மணி நேரக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.